போன் அடிக்காத நாள்

சாந்தோம்
7 ஜூலை 2025

அன்புள்ள கரோலுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன் வீட்டில் இருக்கட்டும். என் வீட்டில் அது இல்லை.

ஸ்டாண்ட்பை அன்று போன் பண்ணாதே, கம்பெனி எந்த நேரமும் கூப்பிடலாம், லைன் ஃப்ரீயாக இருக்க வேண்டும் என்றாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீல டிக் வருகிறது, பதில் வருவதில்லை. அதனால் சேட்டுவின் ஆட்டோவில் வஞ்சிர மீன் குழம்போடு இந்தக் கடிதத்தையும் கொடுத்து அனுப்புகிறேன். சாந்தோமிலிருந்து அடையாறுக்கு லெட்டர் எழுதிக்கொள்கிற அக்கா தங்கை இந்த ஊரில் நாம் இரண்டு பேராகத்தான் இருப்போம்.

விஷயம் அப்பா. டயாலிசிஸுக்கு நான் கூட்டிக்கொண்டு போகிறேன், அதில் எனக்குக் குறையில்லை. மறுநாள்தான் பெரும்பாடு. துவண்டுபோய்க் கிடக்கிறார். போன வாரம் பாத்ரூம் வாசலில் தடுமாறி விழப் பார்த்தார். யாராவது கூடவே இருக்க வேண்டும். என் லீவெல்லாம் தீர்ந்துவிட்டது. இனிமேல் போய்க் கேட்டால் தலைமையாசிரியை சிஸ்டர் என்னை ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

உனக்கோ எப்போது பார்த்தாலும் ஸ்டாண்ட்பை. முக்கால்வாசி நாள் உன்னை யாரும் கூப்பிடுவதே இல்லை. விமானமும் ஓட்டாமல், வீட்டு வேலையும் செய்யாமல் சோபாவில் உட்கார்ந்திருக்கிறாய். அந்த லீவில் ஒரு நாளை அப்பாவுக்குக் கொடுத்தால் என்ன? அவர் உனக்கும்தானே அப்பா?

உன் அக்கா,
ஃப்ளோரன்ஸ்

பி.கு.: டப்பாவைக் கழுவி அனுப்பவும்.


அடையாறு
8 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

டப்பாவைக் கழுவிவிட்டேன். குழம்பு அருமை. கடிதம்தான் தொண்டையில் நிற்கிறது.

ஸ்டாண்ட்பை லீவு இல்லை. இதை உனக்கு எத்தனை தடவைதான் சொல்வது? வேலைக்கு வர வேண்டிய பைலட் யாருக்காவது காய்ச்சல் வந்தால் அந்த இடத்துக்கு என்னைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் ஒன்றரை மணி நேரத்துக்குள் யூனிஃபார்மோடு மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் நிற்க வேண்டும். தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்க முடியாது. பாண்டி பஜார் வரை நிம்மதியாகப் போய்வர முடியாது. விடியற்காலையில் எழுந்து, பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, போனையே பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். கடைசியில் யாரும் கூப்பிடாவிட்டால், சும்மா உட்கார்ந்திருந்த உடம்பு ஏன் இப்படி வலிக்கிறது என்று எனக்கே புரிவதில்லை.

நீ எழுதியிருப்பதைத்தான் எங்கள் கம்பெனியும் சொல்கிறது. அழைப்பு வராத நாளில் வீட்டில்தானே இருந்தீர்கள், இனி அதை வார ஓய்வாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். அப்புறம் உண்மையான ஓய்வு நாளிலும் பறக்கத்தான் வேண்டும். மாதக் கடைசியில் இதைப் பற்றி ஒரு கூட்டம். பைலட்டுகள் சார்பில் பேசப் போவது நான். நிர்வாகத்தைச் சமாளித்துவிடலாம். கூடப் பிறந்தவளை எப்படிச் சமாளிப்பது?

அப்பாவை நினைக்காமல் இல்லை. அவரை விட்டுவிட்டுப் பாதியில் ஓட வேண்டி வந்தால் என்ன செய்வது என்றுதான் பயப்படுகிறேன்.

தங்கை,
கரோல்


சாந்தோம்
12 ஜூலை 2025

அன்புள்ள கரோல்,

உன் போன் சாந்தோமிலும் அடிக்கும்.

பெட்டியையும் யூனிஃபார்மையும் எடுத்துக்கொண்டு வருகிற வியாழக்கிழமை ஸ்டாண்ட்பைக்கு இங்கே வா. கூப்பிட்டால் இங்கிருந்தே கிளம்பு. மீனம்பாக்கத்துக்கு அடையாறிலிருந்து மட்டும்தான் ரோடு போட்டிருக்கிறார்களா? சேட்டுவை வாசலிலேயே நிற்கச் சொல்கிறேன். நீ போக வேண்டி வந்தால் மாடி வீட்டு ஜஹீதா அக்கா இறங்கி வந்து அப்பாவோடு இருப்பார். கேட்டுவிட்டேன்.

இதற்கு மேலும் காரணம் வைத்திருந்தால் நேரில் வந்து சொல்.

ஃப்ளோரன்ஸ்


அடையாறு
18 ஜூலை 2025

அக்கா,

அப்பாவிடம் என்ன சொல்லி வைத்தாய்?

நேற்று நீ பள்ளிக்கூடம் போனதும் அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மத்தியானம் என்னையும் அறியாமல் கண் அசந்துவிட்டது. விழித்துப் பார்த்தால் கையில் இருந்த போனைக் காணோம். அப்பாவைக் கேட்டேன். "ஒண்ணும் இல்லம்மா, யாரோ ராங் நம்பரு. நீ தூங்கு" என்றார். அவர் முகமே சரியில்லை. தேடினால், போனைச் சத்தமே வராமல் பண்ணி, தன் தலையணை உறைக்குள் செருகி வைத்திருக்கிறார். திரை முழுக்கத் தவறிய அழைப்புகள்.

திரும்பக் கூப்பிட்டேன். "உங்க அப்பாதான் லீவுன்னு சொல்லிட்டாரே மேடம்" என்றான் டியூட்டி போடுகிற ஆபீஸ் பையன். வேறு பைலட்டைப் பிடித்து விமானம் கிளம்பும்போது ரொம்பவும் தாமதமாகிவிட்டதாம். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து என்னைத் திட்டியவர்கள் எத்தனை பேரோ.

அந்த அழைப்புகள் எல்லாம் பதிவாகும் அக்கா. கூட்டத்தில் அதைப் போட்டுக் காட்டப் போகிறோம் என்று மேலாளர் இப்போதே சொல்லி அனுப்பிவிட்டார். ஸ்டாண்ட்பை லீவு இல்லை என்று நான் எழுந்து பேச வேண்டும். என் அப்பா கூட்டத்து ஸ்பீக்கரில் லீவு என்று சொல்வார். என்னை நம்பிப் பேச அனுப்புகிறவர்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

இனி ஸ்டாண்ட்பை நாளில் அங்கே வர மாட்டேன். குழம்பும் அனுப்ப வேண்டாம்.

கரோல்


சாந்தோம்
20 ஜூலை 2025

அன்புள்ள கரோல்,

லீவு என்று அப்பாவிடம் சொன்னது நான்தான். திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டு.

டியூட்டி என்று சொல்லியிருந்தால் அவர் உன்னை வாசற்படி ஏறவே விட்டிருக்க மாட்டார். "வேலைக்குப் போற புள்ளைய இன்னாத்துக்கு இஸ்துக்கினு வர்ற" என்று என்னைத்தான் பிடித்திருப்பார். அவளுக்கு லீவு, தானாகவே வருகிறாள் என்றேன். முந்தின நாள் டயாலிசிஸ் முடித்து வந்த மனிதர், ஜஹீதா அக்காவின் மகனைக் கூப்பிட்டு ஷேவ் பண்ணிக்கொண்டார். அது உன் கடிதத்தில் இல்லை.

உன் கோபம் அவருக்கும் தெரிந்துவிட்டது. பி.டி. மாஸ்டராக இருந்த காலத்தில் அவரைக் கண்டால் மைதானமே நடுங்கும். அவர் இப்போது வீட்டில் போன் அடித்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார். "புள்ள வேலைக்கு ஏதாச்சும் ஆயிடுமா" என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் கேட்கிறார். கூட்டத்தில் என்ன நடந்தாலும் எழுது. நல்லதாக இல்லாவிட்டாலும் எழுது.

குழம்பு அனுப்பவில்லை. இது சுறாப் புட்டு.

ஃப்ளோரன்ஸ்


அடையாறு
2 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இதை அப்பாவுக்கும் படித்துக் காட்டு.

கூட்டத்தில் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே மேலாளர் பதிவைப் போட்டுவிட்டார். "கரோலா? அதுக்கு இன்னிக்கு லீவு சார்" என்று அப்பா குரல். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு மேலாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எங்கள் ஆட்களிலும் இரண்டொருவர் தலையைக் குனிந்துகொண்டார்கள். எப்படியும் மானம் போயாகிவிட்டது, முழுவதையும் போடுங்கள் என்றேன். அவருக்கு மனமில்லை. பின்வரிசையில் இருந்தவர்களும் சேர்ந்து கேட்டபிறகு போட்டார்.

அப்பா சொன்னது இது:

"லீவுன்னுதான் பெரிய பொண்ணு சொல்லிச்சு. ஆனா காத்தால வந்ததுலேர்ந்து போனைக் கையில வச்சிக்கினு உக்காந்துக்கினு கீது சார். பொட்டியத் தொறக்கல. சோறும் சரியாத் துண்ணல. எங்கூடப் பேசும்போது கூட ஒரு கண்ணு போன் மேலதான் கீது. இது இன்னா லீவு சார்? இப்பதான் கண்ணு அசந்துச்சு. நான் எழுப்ப மாட்டேன், நீங்க வேற யாரையாச்சும் பாருங்க."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. நான் ராத்திரியெல்லாம் எழுதி வைத்திருந்த பேச்சைப் பேசவே இல்லை. அவர் சொன்னதுக்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அழைப்பு வராத நாளை ஓய்வாகக் கணக்கிடும் திட்டத்தைக் கைவிட்டுவிட்டார்கள். எழுத்திலும் கொடுத்துவிட்டார்கள். வெளியே வந்ததும் எல்லோரும் அப்பாவைப் பற்றித்தான் கேட்டார்கள். என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று முதலில் அவரிடம் சொல்.

அடுத்த ஸ்டாண்ட்பைக்கும் பெட்டியோடு அங்கேதான் வருவேன். உண்மையைச் சொல்லியே அவரைச் சம்மதிக்க வை. ஜஹீதா அக்காவிடமும் சொல்லிவிடு.

அழைப்பை எடுக்காததற்கு மட்டும் தண்டனை தந்திருக்கிறார்கள். அந்த வியாழக்கிழமையை என் வருட விடுப்பிலிருந்து கழித்துவிட்டார்கள். ஆகவே கம்பெனி கணக்குப்படி அன்று எனக்கு லீவுதான். நீயும் பொய் சொல்லவில்லை, அப்பாவும் பொய் சொல்லவில்லை. எனக்குத்தான் தெரியாமல் போய்விட்டது. தெரிந்திருந்தால் போனை அடையாறிலேயே வைத்துவிட்டு வந்து, அன்று முழுக்க அவரோடு பேசிக்கொண்டிருந்திருப்பேன்.

அன்புத் தங்கை,
கரோல்