குறை கையில் இல்லை

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். ஏ ஷிஃப்ட் முடிச்சு நேரா கிரவுண்டு. சிப்காட் பின்னாடி இருக்கிற சிமெண்ட் பிச். வலை ரெண்டு பக்கமும் கிழிசல்.

திரும்பத் திரும்ப போல்டு. எல்லாம் ஒரே மாதிரி. உள்ள வர்ற பந்து, பேட்டுக்கும் பேடுக்கும் நடுவுல புகுந்து ஸ்டம்ப்.

வலைக்கு வெளிய ரெண்டு ஆளுங்க டீ குடிச்சிக்கினு. ஒருத்தர் மெதுவாத்தான் சொன்னார், காதுல விழுந்துச்சி: "விரல் இல்லாம இன்னா பண்ணும் பாவம். பிடி நிக்காதுல்ல."

பாவமாம்.

இடது கை மோதிர விரல், சுண்டு விரல். பிரஸ் மெஷின்ல போனது, ரெண்டு வருஷம் ஆகுது. எனக்கு வலது கை பேட்டிங், அதனால மேல் பிடி இடது கை. ஆக, அவுட் ஆனா எல்லார்கிட்டயும் காரணம் ரெடி. என்கிட்டயும்தான். கைப்பிடில சைக்கிள் ட்யூப் சுத்தி மொத்தமாக்கி வெச்சிருக்கேன். இன்னும் ஒரு சுத்து போடலாமான்னு யோசனை.

ஹேமா எல்லாத்தையும் வீடியோ எடுத்தா. காலேஜ் டீம்ல என்கூட ஓபனிங் ஆடினவ, இப்ப கோச். 20ஆம் தேதி திருவள்ளூர்ல மாவட்டப் பெண்கள் டீம் செலக்‌ஷன். எனக்கு இருபத்தெட்டு முடியப் போகுது. இன்னும் எத்தனை தடவை கூப்பிடுவாங்க?

துவரம் பருப்பு, சோப்பு, வலிக்கு அடிக்கிற ஸ்ப்ரே வாங்கணும்.

ஜூலை 9, புதன்

ஹேமா வீட்டுல வீடியோ. மெதுவா ஓட விட்டு, நிறுத்தி நிறுத்திப் பாத்தோம்.

"இங்க பாரு ஜெனி. பந்து இன்னும் பவுலர் கையிலதான் இருக்கு. உன் முன்கால் அதுக்குள்ள ஆஃப் ஸ்டம்ப் பக்கம் போயிடுச்சு. கூடவே தல சாயுது. அப்புறம் பேட் எப்படி நேரா வரும்? காலச் சுத்திக்கினுதான் வரணும். அந்த சந்துல பந்து போவுது."

"கை?"

"முழங்கை எவ்ளோ ஒசரத்துல இருக்கு பாரு. பேட்டு முகம் திரும்பவே இல்ல. கை அதோட வேலையச் செய்யுதுடி. கைமேல பழி போடாத."

நம்பல. எனக்காகச் சொல்றான்னு நெனச்சேன். அவ பழைய வீடியோ ஒண்ணத் தேடி எடுத்தா. காலேஜ் மேட்ச். ஒல்லியா நான், ரெட்டைச் சடை. முன்கால் குறுக்க, தல சாஞ்சு, போல்டு. அதே மாதிரி. அச்சு அசல்.

அன்னிக்கு எனக்கு அஞ்சு விரலும் இருந்துச்சி.

பஸ்ல வரும்போது தனியா சிரிச்சேன். பக்கத்து அம்மா தள்ளி உக்காந்துச்சு. அப்புறம் கோவம். ரெண்டு வருஷமா ஊரே என் கையப் பாத்துச்சு, நானும் அதையேதான் பாத்தேன். ஒருத்தர்கூட காலைப் பாக்கல.

ட்யூப் இன்னொரு சுத்து வேணாம்.

ஜூலை 12, சனி

சாயங்காலம் தூறல், அப்புறம் விட்டுடுச்சு. வீட்டுக்குப் பின்னாடி பிராக்டிஸ். வீட்டுக்காரர் பந்து போட, நான் பந்து கையை விட்டு வர்ற வரைக்கும் காலைத் தூக்காம நிக்கணும். சொல்ல ஈசி. உடம்பு கேக்க மாட்டேங்குது. கால் தானா ஓடுது.

இவர் பந்து போடறது ஏதோ குழந்தைக்கு சோறு ஊட்டற மாதிரி. "வேகமாப் போடுங்க"ன்னேன். போடல. ரெண்டாவது தடவையும் சொன்னேன். பந்தைக் கையில வெச்சிக்கினு அப்படியே நின்னார்.

"அந்தக் கையில பட்டுச்சுன்னா?"

"பட்டா வலிக்கும். அவ்ளோதான்."

"உனக்கு அவ்ளோதான். அன்னிக்கு நீ மயக்கத்துல இருந்த. ஆஸ்பத்திரி வரைக்கும் அந்தக் கையத் துணியில சுத்திப் பிடிச்சிக்கினு வந்தது நான்."

இதுவரைக்கும் இவர் இதைச் சொன்னதே இல்ல.

"பயமா இருந்தா இருக்கட்டும். எனக்காக பயந்துக்கினே போடுங்க. ஆனா வேகமாப் போடுங்க."

போட்டார். ஒண்ணு கையிலயே பட்டுச்சி, உயிர் போற வலி. முகத்துல காட்டல. இருட்டற வரைக்கும் ஆடினோம். கடைசில கொஞ்சம் பந்து நடு பேட்டுல, அந்த சத்தமே வேற.

அம்மா போன். "போதும்டி ஆடுனது. ஒரு புள்ளையப் பெத்துக்கற வழியப் பாரு." சார்ஜ் இல்லன்னு வெச்சிட்டேன். சார்ஜ் நிறைய இருந்துச்சி.

ஜூலை 20, ஞாயிறு

வெயில் மண்டையப் பொளந்துச்சு. பெரியபாளையம் ரோடு வழியா பைக்ல. இட்லி கட்டிக்கினு போனது, சாப்பிட முடியல.

செலக்டர் சார் நல்ல மனுஷன்தான். அதுதான் பிரச்சினை. கையப் பாத்ததும் குரல் மாறிடுச்சு. "நீ ஃபீல்டிங் காட்டும்மா. பேட்டிங் கடைசில, டைம் இருந்தா."

"பேட்டிங்குக்குத்தான் சார் பேர் குடுத்தேன்."

"பாக்கலாம்மா."

காலுக்கு பேடு கட்டிக்கினு வலை வாசல்லயே நின்னேன். எல்லா பொண்ணுங்களும் போயிட்டு வந்தாங்க. உக்காருன்னாங்க, உக்காரல. கடைசில அவரே சலிச்சுப் போய் உள்ள அனுப்பினார். ஒரே ஒரு ஓவர்.

மொத பந்து போல்டு. அதே சந்து. பதட்டத்துல கால் ஓடிடுச்சு. பின்னாடி யாரோ "ச்சு" கொட்டினாங்க. மீதி அஞ்சும் நின்னு ஆடினேன். தல நேரா, கால் தாமதமா, பந்து வலையில போய் அறைஞ்சுச்சு. ஆனா அவர் மொத பந்துக்கு அப்புறம் பக்கத்துல இருந்தவர்கிட்ட பேச ஆரம்பிச்சிட்டார்.

ஜூலை 21, திங்கள்

ஹேமா போன். டீம்ல பேர் இல்ல. "பேட்டிங் பரவால்ல, கைதான் யோசனையா இருக்கு"ன்னாராம்.

கம்பெனில இப்ப எனக்கு பேக்கிங் வேலை, நாள் முழுக்க டப்பா ஒட்டினேன். சாயங்காலம் கிரவுண்டுக்குப் போனேன். வேற எங்க போறது?

ஜூலை 23, புதன்

ஹேமா ஒரு சேதியோட வந்தா. மாவட்ட டீமுக்கு ஞாயிறு கடம்பத்தூர்ல பிராக்டிஸ் மேட்ச். எதிர்ல ஆட ஆள் வேணும். செலக்‌ஷன்ல விட்டுப்போன பொண்ணுங்கள வெச்சு ஒரு டீம் சேக்கறா.

"அவங்களுக்குப் பந்து பொறுக்கிப் போடவா?"

"இல்ல. அவங்களப் பந்து பொறுக்க வைக்க."

சரின்னேன்.

ஜூலை 27, ஞாயிறு

நாங்க மொத பேட்டிங். நான் ஓபனிங்.

செலக்‌ஷன்ல என்ன போல்டு எடுத்த பொண்ணேதான் பவுலிங். நல்ல வேகம். உள்ள வந்துச்சு. கால் நின்னுச்சு. தல நின்னுச்சு. நேர் பேட்டுல தடுத்தேன், அப்படியே காலடியில விழுந்துச்சு. ரன் இல்ல. ஆனா அந்த ஒரு பந்துக்கு நான் எவ்ளோ ஆடியிருக்கேன்னு எனக்குத்தான் தெரியும்.

அப்புறம் ரன்னும் வந்துச்சி. நாப்பத்தி மூணு. ரன் அவுட், என் தப்பு இல்ல, எதிர்ல இருந்தவ ஓடல. பேட்டைத் தரையில அடிச்சேன். ஹேமா முறைச்சா.

மேட்ச் தோத்தோம், மூணு விக்கெட்ல. இவர் எடுத்த வீடியோவுல பாதிக்கு மேல படம் ஆடுது. கை தட்டிக்கினே எடுத்தாராம்.

கிளம்பும்போது செலக்டர் சார் பக்கத்துல வந்தார். நல்லா ஆடினம்மா, அடுத்த வருஷம் கண்டிப்பா பாக்கலாம்னார். அதே குரல்.

"அடுத்த வருஷம் இருக்கட்டும் சார். அடுத்த ஞாயிறு உங்க டீமுக்கு பிராக்டிஸ் வேணுமா? நாங்க வரோம். ஜெயிக்கற வரைக்கும் வருவோம்."

பாத்தார். கையை இல்ல, என்னை.

"ஒன்பது மணிக்கு இருக்கணும்"னார். குரல் மாறியிருந்துச்சு.

அந்த ஞாயிறு கம்பெனில ஓவர்டைமுக்குப் பேர் குடுத்துத் தொலைச்சிருக்கேன். காலைல மொத வேலையா அந்தப் பேர அடிச்சிடணும்.