குழாயடியில் வழிவிடுகிறார்கள்

வைகாசி 22, திங்கள்

புழுக்கம். கடற்காற்று லீவு. கருவாட்டு வாசனை மட்டும் தவறாமல் டியூட்டியில். டிராமில் ஒருவன் என் கால்மேல் நின்றுகொண்டு காங்கிரஸ் பேசினான்.

குப்புவிடம் மாற்றம் இல்லை. மாசியில் எங்கள் மகள் செல்லம் ஜுரத்தில் போனாள், பத்தொன்பது வயசு. அன்றிலிருந்து அவள் அம்மாவுக்கு மூன்றே வார்த்தை: ம், வை, போ. ராயபுரத்திலேயே பெரிய வாய் என்று பெயரெடுத்தவள் இந்தக் குப்பு, என் சம்சாரம். (கல்யாணத்துக்கு முன் ஒரு பயலும் எனக்குச் சொல்லவில்லை.) இப்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். இப்படியே போய்விடுவாளோ என்று பயம்.

இதுவரை வந்த வைத்தியங்கள்:

டாக்டர்: மனச்சோர்வாம். யாரும் எதிர்த்துப் பேசக் கூடாது, தெருவுக்கே சொல்லி வையுங்கள் என்றார். கூடவே டானிக். நானும் ஒரு வாய் குடித்தேன். சோர்வு எனக்கு வந்தது.

திருவொற்றியூர் மச்சான்: கோயிலைச் சுற்றச் சொன்னான். சுற்றினாள். அவனும் கூடவே வந்து வழியெல்லாம் தன் மூலவியாதியைப் பற்றிச் சொற்பொழிவு.

எதிர்வீட்டம்மா: தலையில் எலுமிச்சம்பழம் தேய்க்கணும். தேய்த்தது இரண்டு. மிச்சம் ஊறுகாய்.

ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் கூட வேலை செய்யும் பாய்: தர்காவில் ஓதிய தண்ணீர். யோசனை எதுவும் சொல்லாமல் கொடுத்த ஒரே மனிதர். அவரைத் திட்ட மனம் வரவில்லை.

வை. 23, செவ்.

கூட்ஸ் ஷெட்; அங்கே நான் சரக்குக் கணக்கெழுதும் ரைட்டர். ஹெட் கிளார்க் பதினைந்து வருஷமாக என் தமாஷ் எதற்கும் சிரித்ததில்லை. கல் நெஞ்சன். அதனாலேயே அவன்மேல் எனக்கு ஒரு மரியாதை. மாசிக்குப் பிறகு நான் வாயைத் திறந்தாலே சிரிக்கிறான்.

இன்று பரீட்சை பண்ணினேன். "ஒரு மாட்டுக்காரன் துறைமுகத்துக்குப் போனானாம்" என்று ஆரம்பித்து அங்கேயே நிறுத்திவிட்டேன். ஷெட்டில் இருந்த ஏழு பேரும் சிரித்தார்கள். சண்டாளர்கள்.

தயிர் வாங்க மறந்தேன்.

வை. 24, புதன்

விடிகாலை. தலைவலி. குழாயடிக்குப் போன குப்புவின் பின்னாலேயே போய்ப் பார்த்தேன்.

தெருமுனை கார்ப்பரேஷன் குழாயில் ஐந்து மணிக்குத் தண்ணீர். குட வரிசைக்காக குப்புவும் படகுக்காரன் பெண்சாதி தனக்கோடியும் பதினோரு வருஷம் போட்ட சண்டைக்கு, பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் ஆள் வந்து நிற்கும். ஒருத்தி தாத்தாவில் ஆரம்பித்தால் மற்றவள் கொள்ளுத்தாத்தாவுக்குப் போவாள்.

இன்று குப்பு வந்ததும் அத்தனை குடமும் விலகின. பேச்சு நின்றது. தனக்கோடியே குப்புவின் குடத்தை நிரப்பி அவள் இடுப்பில் தூக்கி வைத்தாள். பாடைக்கு வழிவிடுவதுபோல வழிவிட்டார்கள். குப்பு நடுவே நடந்து போனாள், அந்தப் பாடையில் கிடக்கிற பிணம் மாதிரி.

டாக்டர் மண்டையில் அவர் டானிக் பாட்டிலாலேயே போடவேண்டும்.

வை. 25, வியா.

மேகமூட்டம், மழை இல்லை. ஆபீஸுக்கு அரைநாள் டிமிக்கி. தனக்கோடி வீட்டுக்குப் போனேன். வாசலில் மீன் செதில் உரித்துக்கொண்டிருந்தாள். நாளைக்குப் பழையபடி குப்புவின் குடத்தைத் தள்ளிவிடு, கொஞ்சம் ஏசு என்று கேட்டேன். கேட்கும்போதே அசட்டுத்தனம் தெரிந்தது.

கத்தி நின்றது. "இன்னா ரைட்டரே, மூளை கீளை கலங்கிடிச்சா? புள்ளைய வாரிக் குடுத்தவகிட்ட நான் வம்புக்கு நிக்கணுமா? எழுந்து போயா."

எழுந்தேன். அவளோடு சண்டை இல்லாமல் உனக்கு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். கத்தி மறுபடி ஓடியது. இரண்டு மீன் முடிந்தது.

"சப்புனு கீதுயா," என்றாள்.

வை. 26, வெள்ளி

லேசாகக் காற்று. முனையில் சந்து மறைவில் நின்றேன், திருடன் மாதிரி.

குப்புவின் குடம் வந்தது. எல்லாரும் விலக, தனக்கோடி காலால் அதைத் தள்ளினாள். குடம் உருண்டது. "வரிசைல வா," என்றாள். குரல் நடுங்கியது. நாடகக் கம்பெனியில் சேர்த்தால் முதல் நாளே விரட்டுவார்கள். உடனே மற்ற பொம்பளைகள் தனக்கோடிமேல் பாய்ந்தார்கள்: பாவி, நீ பெத்தவதானா, உன் கை அழுகிப் போக. அவள் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

குப்பு குடத்தை எடுக்கவில்லை. தனக்கோடியையே பார்த்தாள்.

"எம் பொண்ணு பூட்டா, உன் வாயுமாடி பூடுச்சி? நாலு மாசமா எங்கடி போன நீ?"

தனக்கோடி நிமிர்ந்து, நீ மட்டும் எங்க போன என்றாள். அப்புறம் எழுத்தில் வராதவை. கொள்ளுத்தாத்தா வரை. குழாய் தன்பாட்டுக்குத் திறந்து கிடந்தது.

குப்பு நனைந்த புடவையோடு வீட்டுக்கு வந்தாள். முகத்தில் மறுபடி ரத்தம் ஓடியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மாட்டுக்காரன் கதையை எடுத்துவிட்டேன்.

"நிறுத்து," என்றாள். "நாலு மாசமா சிரிப்பு காட்டிகினே கீற. ஒண்ணுகூட நல்லா இல்ல. அவ உனக்கும் பொண்ணுதானே?"

நிறுத்தினேன். நிறுத்தினால் என்ன வருமோ என்று இத்தனை நாள் பயந்திருந்தேன். வந்தது. வாய்விட்டு அழுதேன். குப்பு தெருக்கதவைச் சாத்தினாள்.

ஆபீஸ் போகவில்லை.