நின்ற ஏற்றாழியும் அரசர் மூச்சும்

“உங்க முறைக்குச் சக்கரம் பறக்குது, எங்க முறைக்கு நொண்டுது. என்னய்யா நியாயம் இது?”

“உன் வயலுக்காக மன்னர் உயிரை நிறுத்தச் சொல்றியா? நாக்கை அடக்கு, எயினா!”

“உயிரை யாருய்யா கேட்டா? அச்சை ஒருதரம் பாருங்கன்னுதானே சொல்றேன்!”

தலையூர்ப் பிட்டனும் கடைமடை நொச்சிவாய் எயினனும் மடையடியில் இப்படி மல்லுக்கு நின்றதைத் தன் காதால் கேட்ட ஆழிக்காவல் அதிகாரி தத்தன், வடதிசைப் பாசறையில் எழுந்தருளியிருக்கும் நறுங்கோட்டு நாடுடையார், குடிகளின் நிழலாகிய விறலேந்தி மாராயர் திருவடிக்கு நெற்றி மண்பட வணங்கி எழுதிய விண்ணப்பம். தேவரீரும் படையும் பாசறைக் குதிரைகளும் நலம் பெறுக. தேவரீர் நலமே இவ்வோலையின் பொருள்.

ஆற்றுநீரைச் சால் சாலாய் மொண்டு மேட்டு வாய்க்காலில் ஊற்றும் ஏற்றாழிச் சக்கரம், முடிசூட்டு நாளில் ஓடத் தொடங்கி அரசர் விண்ணேறும் நாளில்தான் நிற்கும். நடுவே நின்றால் அரசர் மூச்சும் நிற்கும் என்பது நாட்டார் நம்பிக்கை. அது நின்றிருக்கும்போதுதான் தச்சர் அச்சு மாற்றுவர். முன்னிருந்த வேந்தர்கள் விரைந்து விண்ணேறியதால் சக்கரத்துக்குக் குறையிருந்ததில்லை. தேவரீர் நெடுங்காலம் ஆள்வதால் வந்த வினை இது, சினம் கொள்ளலாகாது.

ஆண்டுத் தொடக்கத்தில் ஓடும் அச்சுக்கு எண்ணெய் வார்ப்பர். அந்தத் தெம்பில் தலையூர் வயல் ஒரு பகலில் நிறையும். முறை ஊர் ஊராய்த் தள்ளத் தள்ள எண்ணெய் கரிந்து சக்கரம் தளரும்; அதே அளவு வயலுக்கு நொச்சிவாயில் மூன்று பகலாகும். இவ்வாண்டு வார்த்த எண்ணெயும் தங்கவில்லை. தத்தன் மேலேறி அச்சின் தாங்குகட்டையில் கை வைத்தான்; சூட்டில் உள்ளங்கை பொத்துப்போயிற்று. தலைக்கு மேலே அது கோபுரம் போல் எழுந்து சுழன்றது. ஆயினும் சக்கரத்தைச் சுழற்றும் நீர் வரும் மடையை அடைக்கச் சொன்னான்.

சக்கரம் மெல்ல மெல்லத் தளர்ந்து நின்றது. உச்சியிலிருந்த சால் ஊற்றாத நீரோடு வானத்தில் நின்றது. எத்தனையோ ஆண்டாக அதன் முழக்கத்துக்குள் புதைந்து கிடந்த ஆற்றின் ஓசை ஊருக்குக் கேட்டது. எல்லாரும் வடக்கே பார்த்தார்கள். பிட்டன் மண்ணில் விழுந்து அழ, எயினனே அவனைத் தூக்கி நிறுத்தினான். தேவரீர் மூச்சு நின்றிருக்குமோ என்று தத்தனும் தன் மூச்சைப் பிடித்தபடிதான் நின்றான்.

யானைக்கால் பருமனான அச்சு மணிக்கட்டளவாய்த் தேய்ந்திருந்தது. ஒடிந்திருந்தால் ஆழி கவிழ்ந்து அணையையே இடித்திருக்கும். இப்போது புது அச்சு ஏறிவிட்டது. ஆனால் மடையைத் திறக்கக் கை வரவில்லை யாருக்கும். அரசர் இருக்கிறாரோ இல்லையோ, இல்லாத அரசருக்கு ஆழி ஓட்டுவது எப்படி என்கிறார்கள். நொச்சிவாய்ப் பயிர் நுனி கருகிவருகிறது.

ஆகவே, இனி ஒவ்வோர் அமாவாசையும் ஆழியை நிறுத்திச் செப்பனிடவும், செப்பனிட்ட கையோடு தொலைவிலுள்ள பெருவயல்களுக்கும், அது தளர்ந்த நாள்களில் அருகிலுள்ள சிறுவயல்களுக்கும் முறை விடவும் ஆணை வேண்டும். ஆழிக்காவல் இலச்சினை இட்டுத் தத்தன் அனுப்பினான்.

கேளாமல் நிறுத்தியவன் தத்தனே, பிறர்மேல் குற்றமில்லை. தேவரீர் திருக்கையாலேயே எழுதி உடனே மறுவோலை விடுக்க வேண்டும். அது தத்தன் தலையை வாங்கும் ஆணையாயினும் சரி. திருக்கையெழுத்தைக் கண்டதும் மடை திறப்பார்கள்.