தலையணையில் விழுந்த அப்பம்

மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் ஏதோ இருக்கிறோம், அங்கே நீயும் பேரனும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். மாப்பிள்ளையின் சுகத்தை, உன்னையும் இழுத்துக்கொண்ட அவருடைய ஜெபக்கூட்டத்தார் பார்த்துக்கொள்வார்கள். உன் கடிதம் கிடைத்தது. நலம் விசாரித்தது இரண்டு வரி, மீதியெல்லாம் பிரசங்கம். அம்மாவின் வருஷப் பூசைக்கு வருவாயாம், ஆனால் போன வருஷம் மாதிரியேதான் உட்கார்ந்திருப்பாயாம். அப்பனுக்கே பாடம் எடுக்கிற அளவுக்கு வளர்த்துவிட்டேனே, என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

"நானே வாசல்னு ஆண்டவர் சொன்னாரே, அவர் என்ன மரக்கதவா? அப்பத்தைக் காட்டி 'இது என் உடல்'னு சொன்னதும் அப்படித்தான், வெறும் அடையாளம்" என்று எழுதியிருக்கிறாய். காலம் பூராவும் கதவு செய்து உன்னைப் படிக்க வைத்தவனிடமே கதவைப் பற்றிப் பேசுகிறாய், நல்லா இரு. இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு யோசித்துப் பார்த்தேன். வாசல் என்றபோது ஒருத்தரும் எழுந்து போகவில்லை. என் உடலைத் தின்னுங்கள் என்றபோதுதான், இதையெல்லாம் யார் கேட்பது என்று கூட இருந்தவர்களே போனார்கள். அவர் பின்னால் ஓடி, "அட, சும்மா பேச்சுக்குச் சொன்னேன்ப்பா" என்றாரா? இதை மாப்பிள்ளையிடம் கேள். கண் பாவம் செய்ய வைத்தால் பிடுங்கிப் போடச் சொன்னாரே, உங்களுக்கு ரெண்டு கண்ணும் இருக்கே என்றும் கேட்டிருக்கிறாய். அதைப் பூசை வைக்கிற சாமியாரிடம் கேட்டேன், சிரித்துவிட்டு டீ குடிக்கச் சொன்னார். அவர் மேலும் எனக்குக் கோபம்தான்.

வாதம் கிடக்கட்டும், என் வயிறு எரிவது வேறு விஷயத்துக்கு. அம்மாவை அடக்கம் செய்த அன்று, நன்மை வாங்க, அதுதான் நீ அடையாளம் என்கிற அந்த அப்பத்தை வாங்க, எல்லாரும் எழுந்து வரிசையில் போனபோது, நீ முதல் பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். எதிரே அம்மாவின் பெட்டி. பின்னால் நின்ற தையற்காரர், "பொண்ணுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். ஆமாம் என்று பொய் சொன்னேன், நன்மை வாங்கப் போகிற வாயால். வீட்டுக்கு வந்து அத்தையிடம், "வெறும் அப்பம்தானே அத்தை, அதுக்கா இவ்வளவு?" என்றாய். கூடத்தில் இருந்த என் காதில் விழட்டும் என்றுதான் சொன்னாய், எனக்குத் தெரியாதா?

அந்த வெறும் அப்பத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். கடைசி வாரம் சாமியார் வீட்டுக்கே நன்மை கொண்டுவந்தார். அம்மாவுக்குத் தண்ணீரே இறங்காத நேரம், ஆனாலும் வேண்டும் என்று கையைக் காட்டினாள். அப்பத்தில் நகக்கண் அளவு கிள்ளி நாக்கில் வைத்தார். விழுங்கப் பார்த்தாள், இருமல் வந்துவிட்டது, எச்சிலோடு தலையணையில் விழுந்தது. விழுந்த நன்மையைத் தூக்கி எறியக் கூடாது என்று, அதைக் கரைக்கச் சாமியார் தண்ணீர் தேடினார். ஆண்டவரைத் துப்பிவிட்டேனே என்று அம்மா அழ ஆரம்பித்தாள். நான் அதை எடுத்து வாயில் போட்டு விழுங்கினேன். எச்சிலும் மருந்துக் கசப்புமாக இருந்தது. "அழாதே, ரெண்டு பேருக்கும் சேர்த்து நான் வாங்கிட்டேன்" என்றேன். அப்புறம்தான் தூங்கினாள். அடையாளத்துக்காக எவனாவது அப்படிச் செய்வானா? சொல்லு.

பூசை அடுத்த மாதம் கடைசிச் சனிக்கிழமை. நீ நன்மை வாங்க வேண்டாம், நம்பாமல் வாங்குவது அதைவிடப் பாவம். எல்லாரும் எழும்போது எழுந்து நில், அது போதும். அதுகூட முடியாது என்றால் வராதே, அம்மா முன்னால் இன்னொரு தடவை அப்படி உட்காராதே.

பேரனை மறக்காமல் பல் டாக்டரிடம் காட்டு. அவனுக்கு என் ஆசீர்வாதம் முழுவதும், கோபம் போக மிச்சம் இருப்பது உனக்கு. கடிதத்தின் கடைசியில், "உங்க காலைக் கட்டிக்கிட்டு அழணும் போல இருக்குப்பா" என்று எழுதியிருக்கிறாய். அது வெறும் அடையாளம் என்றால் கடிதத்திலேயே இருக்கட்டும். நிஜம் என்றால், கால் இங்கேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
அப்பா