சாவித் துவாரத்தில் சந்தனம்

1974, விஜயதசமி. மாமல்லபுரம்.

நேற்று ஆயுத பூஜையில் கார் ஷெட் பூட்டுக்கும் பொட்டு வைத்தேன். பக்தி முற்றிப்போய்ச் சாவித் துவாரத்திலேயே சந்தனத்தை அப்பியிருக்கிறேன். இன்று அது காய்ந்து சாவி நுழையவில்லை. மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் செங்கல்பட்டு ஸ்டேஷனில்; நான் பீற்றிக்கொண்ட காரோ ஷெட்டுக்குள். எண்ணெய் விட்டேன், ஊதினேன், கதவை உதைத்தேன். கால்தான் வீங்கியது.

கடைசியில் அவர்களே பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள்.

"கார் கீதுன்னீங்களே, இன்னா ஆச்சு?" என்றார் பையனின் அப்பா.

"உள்ளே கீதுங்க" என்று கதவைத் தட்டிக் காட்டினேன்.

பையன் குனிந்து பூட்டைப் பார்த்து, "ஹேர்பின் இருந்தா குடுங்க" என்றான். மகளே தலையிலிருந்து உருவிக் கொடுத்தாள். சந்தனத்தைச் சுரண்டினான், சாவி நுழைந்தது, திறந்தது. இருவருக்கும் சம்மதமாம்.

ஹேர்பின்னை மட்டும் அவன் திருப்பித் தரவில்லை. கேட்டு லெட்டர் போடவா என்றால், "பேஜாரு பண்ணாம படுங்க" என்கிறாள் மனைவி.