கடதாசிக் காருக்குள் ஒரு மனுசி

அலுமாரிக்கு மேலே காப்புறுதிக் கடிதத்தைத் தேடப்போய், நீர் செய்த கடதாசிக் கார் கைக்கு வந்தது. ஒரு சாண் நீளம். சிவப்பு மட்டும் மங்கவேயில்லை. நகத்துக்குப் பூசுகிற பூச்சில் இரண்டு போத்தல் முடித்து அடித்தீரே, மங்குமா? தூசியைத் துடைக்கும்போது ஒரு சக்கரம் கழன்று விழுந்தது. பசை வாங்கிவந்து ஒட்டிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். தேடிய கடிதம் இன்னும் கிடைக்கவில்லை.

அந்த நாட்களில் லண்டன் தோர்ண்டன் ஹீத்திலேயே காரைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவன் இல்லை என்று திரிந்தேன். மினிகாப் டாக்சி ஓட்டுகிறவனுக்கு அந்தத் திமிர் இருக்கும்தான். நீர் மூன்று தரம் டெஸ்டில் தவறினீர். மூன்று தரமும் ஒரே பிழை: இடது பக்கம் திரும்பும்போது சக்கரம் நடைபாதைக் கரைக்கல்லில் ஏறிவிடும். வீடு வீடாய்ப் போய் வயோதிபரைப் பராமரிக்கிற கவுன்சில் வேலை அப்போதுதான் உமக்குக் கிடைத்திருந்தது. மாத முடிவுக்குள் லைசென்ஸ் காட்டாவிட்டால் அந்த வேலை இல்லை. இன்னும் ஒரேயொரு டெஸ்டுக்குத்தான் நாள் மிச்சம்.

கட்டின புருசன் நான் என்ன சொன்னேன்? "உமக்குப் பயம். பயந்த ஆக்களுக்குக் கார் சரிவராது, விடும்."

அடுத்த நாள் லைப்ரரியில் கார் செய்கிற மாதிரித்தாள் ஒன்றைத் தடித்த கடதாசியில் அச்செடுத்து வந்தீர். சின்னப்பிள்ளை விளையாட்டு என்று சிரித்தேன். தாளில் இருந்தது ஏதோ பந்தயக் கார். நீர் அதன் மூக்கைக் குறுக்கி, கூரையை உயர்த்தி, பக்கக் கண்ணாடிகளுக்குச் சொக்லேட் தாள் ஒட்டி, எல் போர்டும் வைத்து, உமக்குக் கார் பழக்குகிறவரின் பழைய சிவப்புக் காராகவே ஆக்கிவிட்டீர். கண்மட்டத்தில் அல்ல. சட்டை தைக்கிற அளவுநாடாவோடு போய் அந்தக் காரின் சீற்றையும் முன் மூடியான பொனற்றையும் அளந்து வந்து, எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சுருக்கியிருந்தீர். பிறகு உம்மையும் அளந்தீர். அதே கணக்கில் ஒரு கடதாசி மனுசியை வெட்டி உள்ளே இருத்தினீர்.

"இஞ்ச வாங்கோப்பா, ஒருக்காப் பாருங்கோ" என்று என்னைக் கூப்பிட்டீர்.

மனுசியின் கண்ணில் ஊசி குத்தி, அவள் பார்வை போகிற வழியே நூலைப் பொனற் விளிம்போடு இழுத்து மேசையில் பிடித்தீர். நூல் தொட்டது காருக்கு முன்னால் ஒரு சாண் தள்ளி. "அதுக்கு இஞ்சாலை ஒண்டும் எனக்குத் தெரியாது. கரைக்கல்லு எங்கை எண்டு நான் எப்பிடிக் காணுறது?"

அவளுக்குக் கீழே மட்டைத் துண்டுகளை ஒவ்வொன்றாய் வைத்தீர். நூல் காருக்குக் கிட்டக் கிட்ட வந்தது. மூன்றாவது மட்டையில் நிறுத்தி, அளந்து, பெருக்கிப் பார்த்து, "நாலு அங்குலம்" என்றீர். அன்றைக்கே பழைய திரைச்சீலையில், சீற்றில் போட்டு இருக்க நாலு அங்குலக் குசன் தைத்தாயிற்று. ஐயோ, எனக்கு வந்த வெட்கம்! இத்தனை வருசம் கார் ஓட்டினவன், ஒரு தரமாவது உம்முடைய உயரத்துக்குக் குனிந்து ரோட்டைப் பார்த்தேனா?

டெஸ்ட் நாள் காலையில், புதுக் காருக்கு நாங்கள் சக்கரத்துக்கு அடியில் தேசிக்காய் வைத்து நசிக்கிறதுபோல, கடதாசிக் காருக்கு நாலு தேசி விதை வைத்து உருட்டினீர்.

"ஒரு விதையும் நசியேல்லையே" என்று பகிடி விட்டேன்.

"பேசாமல் இருங்கோ, வாயை வைச்சுக் கெடுக்காதேங்கோ."

பாஸ். குசனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து இறங்கினீர்.

"பயம் போயிட்டுதோ?" என்றேன்.

"ஆர் சொன்னது? இண்டைக்கும் நடுங்கி நடுங்கித்தான் கார் ஓடினனான். கரை தெரிஞ்சுது, அவ்வளவுதான்."

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய இடம் அது. தேத்தண்ணி போட்டுத் தந்தேன், கேட்கவில்லை. அதன் பிறகு எத்தனை வருசம், எத்தனை வயோதிபர் வீடு! கடைசியாய் ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் நீரே காரை ஓட்டிக்கொண்டு போனீர்; திரும்பி வரவில்லை. அதுவரைக்கும் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவேயில்லை.

இப்போது எங்கள் மகள் கார் பழகுகிறாள். நேற்று இடது பக்கம் திரும்பும்போது சக்கரத்தைக் கரைக்கல்லில் ஏற்றிவிட்டாள். "பயந்தாங்கொள்ளி" என்ற சொல் எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு அவளை இறங்கச் சொன்னேன். அவளுடைய சீற்றில் ஏறி, அவள் உயரத்துக்குத் தலையைப் பதித்து ரோட்டைப் பார்த்தேன்.

"என்னப்பா செய்யிறீங்கள்?" என்றாள்.

"அம்மாட்டை மன்னிப்புக் கேக்கிறன்" என்றேன்.