இருபது நிமிஷம் காய்ச்சிய தண்ணீர்

அண்ணாமலையார் துணை

செங்கம் ரோடு,
திருவண்ணாமலை
18-12-1997

அன்புள்ள தமிழ்செல்விக்கு மாமா அப்பாதுரை எழுதுவது. நானும் உன் அத்தை கஸ்தூரியும் நலம். ஜெர்மனிக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை இனியாவும் சுகமா? எழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதே. ஆஸ்பத்திரி பெஞ்சில் வைத்து எழுதுகிறேன். எனக்கு ஒன்றுமில்லை.

பொங்கலுக்குக் குழந்தையை முதல்முறையாக அழைத்து வருவதாகவும், தண்ணீர், சாப்பாடு, கொசு என்று மாப்பிள்ளை பயப்படுவதாகவும் எழுதியிருந்தாய். சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். ஆசிரமத்துப் பக்கம் மாடி அறையை வாடகைக்கு விட்டு, ஒன்பது வருஷத்தில் இருபத்திரண்டு தேசத்து ஆட்களைப் பார்த்தவன் நான். எட்டாவதோடு நின்றவன்தான், ஆனாலும் முகத்தைப் பார்த்தே வயிறு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

மலைமேல் போனால் குழந்தை கையில் பிஸ்கட் கூடாது. போன மாசம் இத்தாலிக்காரர் ஒருவரின் கண்ணாடியை ஒரு குரங்கு பிடுங்கித் தான் மாட்டிக்கொண்டது. நான் ஒரு அதட்டு போட்டதும் மடித்துத் திருப்பிக் கொடுத்தது. கிரிவலப் பாதையில் வெட்டி வைத்த பழமும், ஐஸ் போட்ட ஜூஸும் வேண்டாம். ஆவி பறக்கிற இட்லி என்றால் தாராளமாகச் சாப்பிடலாம். பொழுது சாய்ந்தால் குழந்தைக்கு முழுக்கைச் சட்டை போடு.

தண்ணீரைப் பற்றி எழுதத்தான் கை வரவில்லை.

மாடி அறையில் மார்த்தா அம்மா என்று ஹாலந்துக்காரர் ஒருவர் இருக்கிறார். வயது அறுபத்தெட்டு. வெப்ப தேசத்துக்குப் போகிறவர்கள் எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்லும் சின்னப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதைக் காட்டிக் காய்ச்சிய தண்ணீர் கேட்டார். புத்தகம் ஐந்து நிமிஷம் போதும் என்றது. நான் இருபது நிமிஷம் கொதிக்க வைத்தேன். அதைத் தெரு முழுக்கச் சொல்லியும் வைத்தேன்.

கார்த்திகை தீபக் கூட்டம் வடிந்த பிறகு, முந்தாநாள் காலையில் அந்த அம்மாவுக்கு வாந்தியும் பேதியும் பிடித்தது. மத்தியானத்துக்குள் கண் குழிக்குள் போய்விட்டது. ஆட்டோவில் என் மடியில் சாய்த்துக் கொண்டுவந்தேன். உடம்பு ஜில்லென்று இருந்தது செல்வி.

டாக்டர், என்ன தண்ணி குடிச்சாங்கனு கேட்டார். இருபது நிமிஷம் காய்ச்சினது, என் கையால குடுத்ததுனு நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அப்போ தண்ணியால இல்லனு அவர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்க, எங்கள் தெரு வெள்ளையம்மாள் கடை இட்லி என்று சொல்லிவிட்டேன். மறுநாளே அவள் கடையை மூடச் சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் உன் அத்தை பிடித்துக்கொண்டாள். ஏங்க, காய்ச்சினது நெஜந்தான், சூடு ஜாஸ்தியா இருக்குது, பாவம் எப்படிக் குடிப்பாங்கனு கொடத்துத் தண்ணிய ஊத்தி விளாவுனீங்களே, அதைச் சொன்னீங்களானு கேட்டாள்.

நம் வீட்டில் குளிக்க, குடிக்க, குழந்தைக்கு மருந்து கரைக்க எல்லாவற்றுக்கும் விளாவித்தானே கொடுக்கிறோம்? அது தப்பு என்று என் புத்திக்கு எட்டவே இல்லை. குடத்தில் இருந்தது தெருமுனை அடிபம்புத் தண்ணீர். தீபத்துக்கு வந்த ஜனம் அந்தப் பம்புக்குப் பின்னால்தான் வெளிக்கு ஒதுங்கியது.

மார்த்தா அம்மா ஒருமுறை செம்பைத் தொட்டுப் பார்த்து, இப்போதானே கொதித்தது, அதற்குள் எப்படி ஆறியது என்று கேட்டார். அது எங்க ஊர் வித்தை என்று சிரித்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு குடித்தார். சந்தேகம் இருந்திருக்கிறது. நான் வருத்தப்படுவேன் என்றுதான் குடித்திருக்கிறார்.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். என் பேர் என்னாகும் என்று நேற்று முழுக்க வாயைத் திறக்கவில்லை. அதற்குள் தெருவிலிருந்து இன்னும் இரண்டு பேரை இங்கே தூக்கிவந்துவிட்டார்கள். இன்று காலைதான் டாக்டரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. போனை எடுத்துப் பம்பைப் பூட்டச் சொன்னார். அந்தத் தண்ணிய இன்னும் எத்தனை பேர் குடிச்சாங்களோனு மட்டும் சொன்னார். அவர் திட்டியிருக்கலாம். வெள்ளையம்மாளிடமும் போய் நின்றேன். அந்தம்மா மொதல்ல பொழைக்கட்டும், அப்புறம் இருக்குது உனக்குனு கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்த்தா அம்மாவுக்கு குளுகோஸ் பாட்டில் பாட்டிலாக ஏறுகிறது. நேற்றிலிருந்து சிறுநீர் இறங்கவில்லை. இன்று சாயங்காலத்துக்குள் இறங்கினால்தான் எதுவும் சொல்ல முடியும் என்கிறார்கள். மணி மூன்றரை ஆகிறது. நர்ஸ் வெளியே வரும்போதெல்லாம் எழுந்து நிற்கிறேன். அவர் என்னைப் பார்க்காமலே போகிறார்.

உன்னை வர வேண்டாம் என்று எழுத மனம் வரவில்லை. வா. ஆனால் மாமா ஆசையாக எதை நீட்டினாலும் குழந்தை வாயில் வைக்காதே. எப்படிச் செய்தது என்று கேள். நான் பெருமையடித்தால் இன்னொரு தடவை கேள். மாமா முகம் வாடுமே என்று மட்டும் பார்க்காதே கண்ணு. வாடட்டும்.

அண்ணாமலையார் அந்த அம்மாவையும் உன் குழந்தையையும் சேர்த்தே காப்பாற்றட்டும்.

உன் மாமா,
அப்பாதுரை